கோடை முடிகிற நாட்களில் ஆற்று டிரௌட்: தூண்டிலுக்கு முன்னால் தெர்மாமீட்டர்

கோடையின் கடைசி வாரங்களில் டிரௌட் பிடிக்கப் போகிற பலர் மத்தியானம் வரைக்கும் வீசிப் பார்த்துவிட்டு, ஆற்றில் மீனே இல்லை என்று சொல்லிக்கொண்டு கரையேறுவார்கள். மீன் எங்கேயும் போய்விடவில்லை. வசந்தத்தில் நின்ற இடத்தில் இப்போது நிற்பதில்லை, அப்போது தின்ற நேரத்தில் இப்போது தின்பதில்லை, அவ்வளவுதான். தண்ணீர் வற்றி, அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம் போலத் தெளிந்து, சாயங்காலம் கையை விட்டால் குளிர்ச்சியே தெரியாமல் இருக்கிற இந்த ஆற்றை, பனி உருகி நுரைத்துக்கொண்டு ஓடிய அந்த ஆறாகவே நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

கோடைக் கடைசி என்று நான் சொல்வது வடக்கு நாடுகளில் ஆகஸ்ட் மாதமும் செப்டம்பரில் பாதியும். நியூசிலாந்து, சிலி, அர்ஜென்டினா பக்கம் என்றால் பிப்ரவரி, மார்ச்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாட்களில் எந்த ஃப்ளையை, அதாவது எந்தப் பொய்ப்பூச்சியைக் கட்டுவது என்பது மூன்றாவது கேள்வி. தண்ணீர் எத்தனை டிகிரி என்பது முதல் கேள்வி. மீன் கண்ணில் படாமல் எப்படிக் கிட்டே போவது என்பது இரண்டாவது. முதல் இரண்டையும் சரியாகச் செய்தவர் கையில் சுமாரான ஃப்ளை இருந்தாலும் மீன் எடுக்கும். பெட்டி நிறைய ஃப்ளை வைத்திருந்தும் இந்த இரண்டையும் கோட்டை விட்டவருக்கு எதுவும் எடுக்காது.

ஃப்ளை ஃபிஷிங்கே புதிது என்பவர்களுக்காகக் கொஞ்சம். சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே இரை என்பது முள்ளின் மேல் இறகும் முடியும் நூலும் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சி, அதற்குக் கனம் என்று ஒன்றும் கிடையாது. அதனால் கனம் முழுவதும் நரம்பில் இருக்கிறது: லைன் என்கிற தடித்த, வழவழப்பான கயிறு, அதன் முனையில் போகப் போக மெலிகிற லீடர், லீடரின் நுனியில் முடி போல மெல்லிய டிப்பெட், அதன் நுனியில் ஃப்ளை. கம்பை ஆட்டி நாம் வீசுவது லைனை. ஃப்ளை அதன் பின்னாலேயே போய் விழுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்கிறதெல்லாம் புரியும்.

தண்ணீர் எத்தனை டிகிரி?

டிரௌட் குளிர்ந்த தண்ணீருக்குப் பிறந்த மீன். 10 டிகிரி செல்சியஸிலிருந்து 17 வரைக்கும் நன்றாகத் தின்னும், துடிப்பாக இருக்கும். 18ஐத் தாண்டினால் சுணங்க ஆரம்பிக்கும். 20 டிகிரியைத் தொட்டுவிட்டால் நான் லைனைச் சுருட்டிவிடுவேன், அதற்குமேல் ஒரு வீச்சு கூடக் கிடையாது. காரணம் ஆக்சிஜன். 10 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்து நிற்க முடியும், 20 டிகிரியில் அது 9 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். தண்ணீர் சூடாக ஆக மீனின் உடம்போ கூடுதலாக ஆக்சிஜன் கேட்கும். வரவு குறைந்து செலவு கூடிக் கிடக்கிற அந்த நேரத்தில் தூண்டிலில் மாட்டி 5 நிமிஷம் போராடிய மீன், கையை விட்டு நீந்திப் போனாலும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது.

எனக்கு இது கண்ணால் பார்த்துப் புரிந்த விஷயம். வெயில் கொளுத்திய ஒரு மதியம், மெல்லிய டிப்பெட்டில் நல்ல கனமான பிரவுன் டிரௌட் ஒன்று மாட்டியது. நரம்பு அறுந்துவிடுமே என்று விட்டுக் கொடுத்து, இழுத்து, விட்டுக் கொடுத்து, ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன். விட்டதும் அது மெதுவாக ஆழத்துக்குப் போனது, எனக்கும் திருப்தி. அரை மணி கழித்துக் கீழே இறங்கி வரும்போது ஒரு கல்லின் பக்கத்தில் அதே மீன் வெள்ளை வயிறு மேலே தெரியக் கிடந்தது. பக்கவாட்டில் இருந்த சிவப்புப் புள்ளிகள் அப்போதும் மங்கவில்லை. தண்ணீரை நான் அளந்து பார்க்கவே இல்லை. அன்றைக்கு அப்புறம் தெர்மாமீட்டர் இல்லாமல் ஆற்றில் கால் வைத்ததில்லை.

அளப்பது எளிது. ஓடுகிற தண்ணீரில், உங்கள் நிழல் விழுகிற பக்கமாக, முழங்கால் ஆழத்தில் ஒரு நிமிஷம் பிடித்திருங்கள். தெர்மாமீட்டரைத் தண்ணீருக்குள் வைத்தபடியே படியுங்கள், வெளியே எடுத்தால் காற்றின் சூடு ஏறிவிடும். போனவுடன் ஒரு தடவை, அப்புறம் ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. காலை 6 மணிக்கு 14 இருந்து 10 மணிக்கு 17 ஆகியிருந்தால் இன்றைக்கு உங்களுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இங்கேதான் நிறையப் பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். வெயில் சாய்ந்ததும் காற்று குளிர்ந்துவிடுகிறது, நமக்குச் சுகமாக இருக்கிறது, அதனால் மீனுக்கும் சுகமாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். ஆறு அவ்வளவு சீக்கிரம் ஆறாது. பகல் முழுவதும் வாங்கிய சூட்டை வைத்துக்கொண்டு சாயங்காலம் 4, 5, 6 மணிக்குத்தான் அதன் உச்சத்தில் இருக்கும், இரவு முழுக்கக் குளிர்ந்து விடியற்காலையில்தான் அடிமட்டத்துக்கு வரும். ஆகவே உச்சக் கோடையிலும் அதன் வாலிலும் நல்ல நேரம் விடியற்காலை. இரவில் நன்றாகக் குளிர ஆரம்பித்து, மதியமும் 17ஐத் தாண்டாத நாட்கள் வந்த பிறகு சாயங்காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். ஆற்றின் உச்ச வெப்பம் தொடர்ந்து 3 நாள் ஏறக்குறைய 23 டிகிரியைத் தொட்டால், மதியம் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரைக்கும் அந்த ஆற்றில் மீன் பிடிக்கத் தடை போடுவார்கள். அதற்கு ஆந்தைத் தடை என்கிற மாதிரி ஒரு பெயர். வெயில் ஏறினால் காட்டுத் தீ பிடித்துவிடும் என்று பயந்து, ஆந்தை அலறும் இருட்டிலேயே வேலையை ஆரம்பித்துவிடுகிற பழைய மரவெட்டிகளிடமிருந்து வந்தது. நீங்கள் போகிற ஆற்றில் அப்படி ஏதாவது விதி இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள், அனுமதிச் சீட்டும் அப்படியே. விதி எதுவும் இல்லையென்றாலும் 20 டிகிரியில் நிறுத்துவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

மீன் எங்கே நிற்கிறது

ஆக்சிஜனும் குளிர்ச்சியும் எங்கேயோ அங்கே. கல்லில் மோதிச் சலசலத்து, வெள்ளை வெள்ளையாக நுரைத்து ஓடுகிற முழங்கால் ஆழத் தண்ணீரைப் பார்த்து, இதிலெல்லாம் பெரிய மீன் நிற்குமா என்று தாண்டிப் போய்விடாதீர்கள். தண்ணீர் உடைந்து ஓடும்போது காற்று கலக்கிறது, மேலே ஓட்டம் கலங்கலாகத் தெரிவதால் பறவைகள் கண்ணிலிருந்தும் மறைவு கிடைக்கிறது, கற்களுக்கு இடையே இருந்து பூச்சியும் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு தேங்காய் அளவுக் கல்லின் பின்னால் நல்ல மீன் ஒன்று ஒட்டி நிற்கப் போதுமான இடம் இருக்கும். சலசலப்பு முடிந்து மடுவில் இறங்குகிற அந்த நாக்கு போன்ற பகுதி காலை நேரத்தில் மிகவும் நல்ல இடம்.

அடுத்தது நிழல். கரையோர மரம் தாழ்ந்து கவிந்திருக்கும் பக்கம், அடியில் குடைந்துபோன கரை, விழுந்து கிடக்கிற மரம். வெயில் ஏற ஏற நிழலின் கோடு எப்படி நகர்கிறது என்று பாருங்கள், மீனும் அதோடு நகரும். அப்புறம் கிளை ஓடையும் ஊற்றும் ஆற்றில் கலக்கிற இடங்கள். இங்கேயும் தெர்மாமீட்டர்தான் வழிகாட்டி: சேர்கிற இடத்துக்கு மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை அளந்தால் சில சமயம் 2, 3 டிகிரி வித்தியாசம் வரும்.

ஆனால் ஒன்று. பெரிய ஆறு 20க்கு மேலே கொதித்துக் கிடக்க, குளிர்ந்த ஓடை சேரும் அந்த ஒரு மூலையில் மட்டும் மீன்கள் அடுக்கி வைத்த மாதிரி நிற்பதைப் பார்த்தால், அங்கே வீசாதீர்கள். அவை உயிர் பிழைக்க அங்கே வந்து ஒதுங்கி நிற்கின்றன. வேறு போக்கிடம் இல்லாத மீனைப் பிடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சாமான்கள்

இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 4 அல்லது 5 வெயிட் கம்பு (எவ்வளவு கனமான லைனுக்கு ஏற்ற கம்பு என்பதைச் சொல்கிற எண்தான் வெயிட்), எட்டரை அல்லது 9 அடி நீளம், மிதக்கும் லைன். லீடரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வசந்தத்தில் 9 அடி லீடர் போதும், இந்தத் தெளிந்த தண்ணீருக்கு 12 அடி வேண்டும். 9 அடி லீடரின் நுனியில் 3 அடி டிப்பெட்டைச் சேர்த்தால் சரியாகிவிடும். டிப்பெட் 5 எக்ஸ், ரொம்பத் தெளிவாக இருந்தால் 6 எக்ஸ். எக்ஸ் எண்ணை 11இலிருந்து கழித்தால் நரம்பின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று வரும்: 5 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6, அதாவது 0.15 மில்லிமீட்டர். ஃப்ளை முள்ளின் நம்பரை 3ஆல் வகுத்தால் பொருத்தமான எக்ஸ் எண் கிடைக்கும், 16ஆம் நம்பருக்கு 5 எக்ஸ் என்கிற மாதிரி. 7 எக்ஸுக்கு நான் போவதில்லை, மீனை நெடுநேரம் ஆட்டிக் களைக்க வைக்கிற நரம்பு அது.

தண்ணீரின் பளபளப்பை அடக்கி உள்ளே பார்க்க விடுகிற போலராய்டு கண்ணாடி கட்டாயம். மங்கிய நிறச் சட்டை, தொப்பி, ரப்பர் கண்ணிகள் கொண்ட கைவலை, முள்ளைக் கழற்ற ஒரு இடுக்கி. இந்த நாட்களில் வேடர் என்கிற ரப்பர் காலுறை பெரும்பாலும் தேவையில்லை, பிடிமானமுள்ள காலணியும் கால்சட்டையுமாக அப்படியே இறங்கலாம்.

என்ன ஃப்ளை

வசந்தத்தில் ஆற்றுக்குள்ளிருந்து பூச்சிகள் கூட்டம் கூட்டமாகப் பொரித்து மேலே வரும். கோடைக் கடைசியில் அது ஓய்ந்துவிடும். ஆனால் கரையில் புல் காய்ந்து, வெட்டுக்கிளி, எறும்பு, வண்டு எல்லாம் கொழுத்துத் திரிகிற காலம் இது. காற்று அடித்தால், கால் தவறினால் அவை தண்ணீரில்தான் விழும். டிரௌட்டுக்கு இது நன்றாகத் தெரியும், கரையோரமாகவே ஒதுங்கி நின்று எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்.

மூன்று பூச்சி உங்கள் பெட்டியில் இருக்க வேண்டும். வெட்டுக்கிளி, 8 முதல் 12ஆம் நம்பர் முள்ளில். வண்டு, 12 முதல் 16. எறும்பு, 14 முதல் 18, கறுப்பும் பழுப்புச் சிவப்பும். முள்ளின் நம்பர் கூடக் கூட முள் சின்னதாகும் என்பதை நினைவில் வையுங்கள். இந்த மூன்றில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் யோசிக்காமல் எறும்பை எடுத்துக்கொள்வேன். வெட்டுக்கிளி பெரிதாக இருப்பதால் எல்லாரும் அதையே வீசுகிறார்கள், ஏற்கெனவே அதில் மாட்டித் தப்பிய மீன் அதைப் பார்த்தாலே விலகிப் போகும். எறும்பு அப்படியில்லை, நாள் முழுவதும் ஒன்றிரண்டாக விழுந்துகொண்டே இருக்கும், மீனும் சந்தேகமே படாமல் எடுக்கும்.

மழை பெய்து ஓய்ந்து, காற்று அசையாமல், புழுக்கமாக இருக்கிற ஒரு மதியத்தில் சிறகு முளைத்த எறும்புகள் கூட்டமாகப் பறக்கும். அவை ஆற்றில் கொட்டிவிட்டால் அந்த ஒரு மணி நேரம் ஆறு முழுக்க மீன் மேலே வந்துகொண்டிருக்கும். அதற்காகவே சிறகு வைத்த எறும்பு நான்கைந்து எப்போதும் வைத்திருங்கள், அந்த நேரத்தில் வேறு எதையும் மீன் திரும்பிப் பார்க்காது.

வெட்டுக்கிளிக்குப் பனி காய வேண்டும். விடியற்காலையில் புல்லெல்லாம் ஈரமாக இருக்கும்போது அவை விறைத்துக் கிடக்கும், 9, 10 மணிக்கு வெயில் பட்ட பிறகுதான் துள்ளும். கொஞ்சம் காற்றும் இருந்தால் நல்லது. தண்ணீர் அதற்குள் சூடேறாத நாளாக இருந்தால் கரையை ஒட்டிப் பொத்தென்று விழுகிற மாதிரி வீசுங்கள், மெதுவாக வைக்க வேண்டாம், விழுகிற சத்தமே மீனைத் திருப்பும்.

வெட்டுக்கிளியின் முள் வளைவில் இன்னொரு டிப்பெட் துண்டை 40 முதல் 60 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கட்டி, அதன் நுனியில் 16ஆம் நம்பர் நிம்ஃப் ஒன்றைத் தொங்க விடலாம். தண்ணீருக்கு அடியில் வளர்கிற பூச்சிக் குஞ்சு மாதிரிக் கட்டிய, முங்குகிற ஃப்ளைதான் நிம்ஃப். மேலே வெட்டுக்கிளி தக்கை மாதிரி மிதக்கும், கீழே நிம்ஃப் முங்கிப் போகும், வெட்டுக்கிளி சட்டென்று நின்றாலோ முங்கினாலோ கீழே எடுத்துவிட்டது என்று பொருள். நிம்ஃபில் ஃபெசன்ட் டெய்ல் ஒன்றே போதும், இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைக் காவல் காத்த ஃபிராங்க் சாயர் என்பவர் ஃபெசன்ட் என்கிற கோழி இனப் பறவையின் வால் இறகையும் செம்புக் கம்பியையும் மட்டும் வைத்துக் கட்டியது, இன்றைக்கும் அதைவிட எளிமையானது இல்லை.

காலையில் தண்ணீர்மேல் பொடிப் பொடியாக, சிறகை விரித்தபடி செத்து மிதக்கிற மேஃப்ளை என்கிற ஆற்றுப்பூச்சிகளைப் பார்த்தால் அது டிரைகோ. 20 முதல் 24ஆம் நம்பர். கண்ணுக்கே தெரியாத அளவு, ஆனால் மீன் அதையே குறி வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தால் நீங்களும் அதைத்தான் கட்டியாக வேண்டும். ஃப்ளையைக் கண்ணால் தேடாதீர்கள், அது இருக்க வேண்டிய இடத்தில் வளையம் விரிந்தால் கம்பைத் தூக்குங்கள்.

கிட்டே போவது

டிரௌட் ஓட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்து நிற்கும். ஆகவே பின்னாலிருந்து, அதாவது ஓட்டத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிப் போங்கள். அது தண்ணீருக்குள்ளிருந்து வெளியே பார்ப்பது ஒரு வட்டச் சன்னல் வழியாக, ஒளி வளைவதால் அப்படி. மீன் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறதோ அதைப்போல இரண்டேகால் மடங்கு அந்தச் சன்னலின் அகலம். 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கிற மீனுக்கு 68 சென்டிமீட்டர் சன்னல்தான். உங்கள் எறும்பு அந்த வட்டத்துக்குள் வந்தால்தான் அதன் கண்ணில் தெளிவாகப் படும். மேலே வந்து நின்று தின்கிற மீனுக்கு மிகச் சரியாக வீச வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அந்தச் சன்னலின் ஓரத்தில், தண்ணீர் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 10 டிகிரிக் கோணத்துக்குக் கீழே இருப்பது மீனுக்குச் சரியாகத் தெரியாது. கணக்குப் போட்டால், 10 மீட்டர் தள்ளித் தண்ணீர் மட்டத்தில் நிற்கிற ஆள் ஒன்றே முக்கால் மீட்டர் உயரம் வரை தப்பிக்கலாம். 6 மீட்டருக்கு வந்துவிட்டால் 1 மீட்டர்தான், அதாவது மண்டியிட வேண்டும். கரை மேடாக இருந்தால் அந்த உயரமும் சேரும். நிற்பதைவிடக் குனிவது, குனிவதைவிட மண்டியிடுவது, இந்த நாட்களில் என் கால்சட்டை முழங்கால்தான் முதலில் கிழியும். வேகமாகக் கையை ஆட்டாதீர்கள், கம்பு வெயிலில் பளிச்சிடாமல் பாருங்கள், உங்கள் நிழல் முன்னால் விழாத பக்கமாக வாருங்கள். கரையில் தொம் தொம் என்று நடந்தால் அந்த அதிர்வு மீனின் விலாவில் அதிர்வை உணர்வதற்கென்றே இருக்கிற பக்கவாட்டுக் கோட்டில் போய்த் தட்டும். மடுவுக்குள் இறங்கினால் நீங்கள் தள்ளுகிற அலை உங்களுக்கு முன்னால் போய்ச் சொல்லிவிடும், கரையிலிருந்தே வீச முடியுமானால் இறங்கவே வேண்டாம்.

போனவுடன் வீசாமல் 10 நிமிஷம் சும்மா பாருங்கள். இதைத்தான் பலரும் செய்வதில்லை. ஒருமுறை கவிந்த கிளைக்கு அடியில், இலை நிழலும் வெயிலும் கலந்து ஆடுகிற இடத்தில், மழைத்துளி விழுந்த அளவுக்கு ஒரு வளையம் விரிந்ததைப் பார்த்தேன். சின்ன மீன் என்று நினைத்துவிட்டு நகரப் பார்த்தபோது அதே இடத்தில் இன்னொன்று. குந்தி உட்கார்ந்து கவனித்தேன். முதலில் மூக்கு நுனி, கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான், அப்புறம் சத்தமே இல்லாமல் மூடிக்கொள்கிற தண்ணீர், ஒரு கை நீளம் தள்ளி வால் துடுப்பின் நுனி லேசாக அசைந்து மறைந்தது. மூக்குக்கும் வாலுக்கும் இடையே அவ்வளவு தூரம்! பெரிய மீன்கள் இப்படித்தான் தின்னும், தண்ணீரை உடைக்காது. சளப்பென்று துள்ளுவது அநேகமாகச் சின்னது, அல்லது வெட்டுக்கிளியைத் துரத்தியது. அந்த மீன் மூன்று தடவை தொடர்ந்து எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் இறங்கி ஓய்ந்தது, மறுபடி மூன்று. அது இறங்கியிருக்கும்போது வீசினால் வீண். இரண்டாவது சுற்றின் முதல் வளையம் விரிந்ததும் எறும்பைப் போட்டேன்.

வீச்சு

காற்றில் லைனை நான்கைந்து தடவை முன்னும் பின்னும் ஆட்டுவது பார்க்க அழகு, தெளிந்த தண்ணீரில் மீனை விரட்டுகிற வேலை அது. ஒரு ஆட்டல், வீச்சு. தூரம் அளந்து பார்க்க வேண்டுமென்றால் மீன் இல்லாத பக்கமாக ஆட்டிப் பாருங்கள். பின்னால் தூக்கும்போது கடிகாரத்தில் 1 மணி முள் நிற்கிற இடத்தில் கம்பைச் சட்டென்று நிறுத்துங்கள், லைன் பின்னால் போய் நீளும் வரை பொறுங்கள், அப்புறம் முன்னால் கொண்டுவந்து 11 மணியில் நிறுத்துங்கள். பிழை எல்லாம் அந்தப் பொறுமையில்தான் நடக்கிறது, நீளும் முன்னே இழுத்தால் சாட்டை மாதிரி வெடித்து ஃப்ளையே அறுந்து போகும். கிளைக்கு அடியில் போட வேண்டுமானால் இதே வீச்சைப் படுக்கை வசமாகச் செய்யுங்கள், கம்பு தண்ணீருக்குச் சமமாக ஓட வேண்டும்.

ஃப்ளை மீனுக்கு அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் முன்னால், ஓட்டத்தின் மேல்பக்கத்தில் விழட்டும். நேர் பின்னாலிருந்து வீசினால் லீடர் மீனின் தலைமேல் விழும், அதனால் ஒரு பக்கமாகத் தள்ளி நின்று கொஞ்சம் சாய்வாக வீசுங்கள். விழுந்த பிறகு ஃப்ளை ஓட்டத்தின் வேகத்திலேயே மிதந்து வர வேண்டும். உங்களுக்கும் மீனுக்கும் நடுவே வேகமான ஓட்டம் இருந்தால் அது லைனின் நடுப்பகுதியை முன்னே இழுக்கும், ஃப்ளை பின்னால் கோடு போட்டுக்கொண்டு வரும். அந்தக் கோடு ஒரு விரல்கடை இருந்தாலும் மீன் எடுக்காது. லைன் காற்றில் இருக்கும்போதே கம்பை ஓட்டத்தின் மேல்பக்கமாக நீட்டி வைத்தால் லைன் வளைந்து விழுந்து ஃப்ளைக்கு மூன்று நான்கு வினாடி கூடுதலாகக் கிடைக்கும், அது போதும். ஃப்ளை மீனைத் தாண்டி நன்றாகக் கீழே வந்த பிறகு தூக்குங்கள், அதன் தலைக்கு மேலிருந்து பிடுங்காதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம், அமைதியான மடுவில் பெரிய வித்தியாசம் செய்வது. மிதக்கிற டிப்பெட் தண்ணீர்த்தோலை அமுக்கிக்கொண்டு கிடக்கும், அடியில் கயிறு மாதிரி நிழல் விழும். கரைக் களிமண்ணைக் கொஞ்சம் எடுத்து டிப்பெட்டின் கடைசி ஒரு மீட்டரில் தேய்த்துவிடுங்கள், எண்ணெய்ப் பசை போய் முங்கும். ஃப்ளைக்கு மட்டும் மிதக்க வைக்கிற பசையைத் தடவுங்கள், நரம்பில் படாமல்.

முதல் வீச்சுதான் நல்ல வீச்சு. இரண்டாவதில் வாய்ப்பு பாதி, மூன்றாவதுக்கு அப்புறம் ஐந்து நிமிஷம் விட்டுவிட்டு ஃப்ளையை மாற்றிப் பாருங்கள், அல்லது நகருங்கள்.

எடுத்த பிறகு

சின்ன ஃப்ளை என்றால் வளையம் விரிந்ததும் கம்பை நிதானமாகத் தூக்கினால் போதும், வெடுக்கென்று இழுத்தால் 6 எக்ஸ் அறுந்துவிடும். வெட்டுக்கிளிக்குப் பொறுமை வேண்டும். மீன் பெரிய வாயைத் திறந்துகொண்டு மெதுவாக வரும், பார்த்துக்கொண்டிருக்கிற நமக்குக் கை துடிக்கும், அது எடுத்து முகத்தைக் கீழே திருப்பும் வரை காத்திருங்கள். மூச்சு ஒன்று விடுகிற நேரம்.

மாட்டியதும் சீக்கிரம் முடியுங்கள். கம்பை நேராக மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் மீன் ஆழத்தில் இழுத்துக்கொண்டே இருக்கும். கம்பைப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் இழுத்தால், அது வலப்பக்கம் போனால் நீங்கள் இடப்பக்கம் என்று, அதன் தலை திரும்பிச் சீக்கிரம் களைக்கும். முள்ளின் எதிர்முள்ளை இடுக்கியால் முதலிலேயே நசுக்கி வைத்திருந்தால் கழற்றுவது ஒரு நொடி வேலை. கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், காய்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்புப் போய்விடும், அதுதான் நோயிலிருந்து அதைக் காப்பது. செவுளில் விரல் வேண்டாம், வயிற்றை அழுத்த வேண்டாம். வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் கேமரா தயாரான பிறகு தூக்கி, சொட்டுகிற தண்ணீர் நிற்கும் முன் இறக்கிவிடுங்கள்.

விடும்போது மீனை ஓட்டத்துக்கு எதிராக முகம் வைத்து, மிதமாக ஓடுகிற தண்ணீரில், வாலடியை லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் ஆட்டத் தேவையில்லை. செவுள் சீராகத் திறந்து மூடுவது தெரியும், பிறகு வால் உங்கள் கையை ஒருமுறை உதறும். அதன் பிறகு விட்டால் போதும், அதற்கு முன் விடாதீர்கள். விட்ட பிறகும் இரண்டு நிமிஷம் அந்த இடத்தில் நின்று பாருங்கள், சாய்ந்தால் மறுபடி பிடித்துக்கொள்ள முடியும்.

முடித்துவிட்டு வேறு ஆற்றுக்குப் போகிறீர்கள் என்றால் காலணி, வலை, காலுறை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காய வைத்த பிறகு போங்கள். டிடிமோ என்கிற பாசி நியூசிலாந்தில் 2004இல் முதலில் தென்பட்டது, கண்ணுக்குத் தெரியாத அளவு ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஆறு விட்டு ஆறு போகும். காலணியின் தையலுக்குள்ளும் நாடாத் துளைகளிலும் ஈரம் கடைசி வரை நிற்கும், அங்கே விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுகிறேன்.